மலைப்பாதைப் பயணத்தில் கைக்குழந்தைக்குப் பால் சூடாக்குவது எப்படி?

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இரண்டரை மணி நேரம் என்பது கைக்குழந்தை இல்லாத காருக்கான கணக்கு. குழந்தையோடு போகிறவர்களுக்கு இறம்பொடையில் பனிமூட்டம், புசல்லாவையில் நெரிசல், கம்பளைக்கு முன்னால் ஒரு மழை என்று நேரம் இழுத்துக்கொண்டே போகும். பசி மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிடும்.

இதற்கு நம் வீடுகளில் ஒரு பழைய வழி உண்டு. விடியற்காலையிலேயே பால்மாவைக் கரைத்து, சூட்டோடு பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்வது. அல்லது போத்தலை இரண்டு துவாயில் சுற்றிப் பைக்குள் செருகுவது. அம்மாயி சொல்லித் தந்த முறைதான், அன்பில் குறை இல்லை. ஆனால் பயணத்தில் செய்யவே கூடாத காரியம் அதுதான். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெதுவெதுப்பான பால் அந்த எல்லையின் நடுவில் மணிக்கணக்காக இருக்கிறது. அதில் சத்தும் இருப்பதால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே விதி: பாலைச் சூடாகக் கொண்டுபோகாதீர்கள். சூட்டைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் கொண்டுபோங்கள். குழந்தை குடிக்கப்போகும் நேரத்தில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

தாய் கூடவே வருகிறார், நேரடியாகப் பாலூட்டுகிறார் என்றால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தினால் போதும். கீழே சொல்வதெல்லாம் பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலையோ பால்மாவையோ போத்தலில் கொடுப்பவர்களுக்கு.

பாலைச் சூடாக்கித்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. தாய்ப்பாலோ சரியாகக் கரைத்த பால்மாவோ குளிராக இருப்பதால் மட்டும் குழந்தைக்குக் கெடுதல் வராது. சளி பிடிக்கும் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. சளி வைரசால் வருகிறது, பாலின் குளிரால் அல்ல. ஆனால் வெதுவெதுப்புக்குப் பழகிய குழந்தை குளிர்ப்பாலைத் துப்பிவிடும். நானுஓயாவில் காலை எட்டு மணிக் குளிரில் பெரியவர்களே தேத்தண்ணிக் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், குழந்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. பயணத்துக்குச் சில நாட்கள் முன்பிருந்தே சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். அறைச் சூட்டில் குடிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குறைமாதக் குழந்தை என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், வைத்தியர் சொன்னபடியே செய்யுங்கள்.

பயணத்துக்கு முதல் நாள்: பிளாஸ்கைச் சோதித்துப் பாருங்கள்

எல்லா ஆயத்தமும் பிளாஸ்கில்தான் தொடங்குகிறது. பால்மா முழுமையாகக் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. டின் புதிதாக இருந்தாலும் அதற்குள் குரோனோபாக்டர், சல்மோனெல்லா போன்ற கிருமிகள் அரிதாக இருக்கக்கூடும். அதனால்தான் உலக சுகாதார அமைப்பு 70 பாகைக்குக் குறையாத தண்ணீரில் பால்மாவைக் கரைக்கச் சொல்கிறது. இரண்டு மாதம் நிறையாத குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை ஆகியோருக்கு இதில் தளர்வே கூடாது. சில டின்களில் இதைவிடக் குறைந்த சூடு எழுதியிருக்கும். அப்படியானால் கிளினிக்கில் மருத்துவ மாதுவிடமோ வைத்தியரிடமோ டின்னைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

மலைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் உள்ள ஹட்டனில் 96 பாகை அளவிலும், சுமார் 1,870 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலும் தண்ணீர் கொதிக்கிறது. கிருமி கொல்ல அது தாராளமாகப் போதும். ஆனால் கொழும்பில் 100 பாகையில் நிரப்பிய பிளாஸ்கைவிட நம் பிளாஸ்க் ஆறு பாகை பின்தங்கித்தான் புறப்படுகிறது. காலைக் குளிர் வேறு. ஆகவே ‘பன்னிரண்டு மணி நேரம் சூடு தாங்கும்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாமல் நீங்களே சோதித்துவிடுங்கள்.

பிளாஸ்கில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொதித்த நீரை வாய்வரை நிரப்பி இறுக மூடுங்கள். உங்கள் பயணம் எவ்வளவு நேரமோ, அதைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டுத் திறந்து, சமையல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 70க்கு மேல் இருந்தால் அந்த பிளாஸ்க் பயணத்துக்கு ஆகும். இல்லையென்றால் பெரியவர்களின் தேத்தண்ணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு லீற்றர் பிளாஸ்க் ஒன்றைவிட அரை லீற்றர் பிளாஸ்க் இரண்டு நல்லது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு போகும், பாதி காலியான பிளாஸ்க் இன்னும் வேகமாக ஆறும். ஒன்றை முதல் பாலுக்கு, மற்றதை அடுத்த பாலுக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது பிளாஸ்க் கடைசிவரை முழுதாக இருக்கும். இந்த பிளாஸ்குகளில் தேத்தண்ணியோ கோப்பியோ ஊற்றக் கூடாது, குழந்தைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

பால்மா என்றால்

சுத்தமாகக் காய வைத்த சிறு டப்பாக்களில் ஒரு தடவைக்கு ஒரு டப்பா என்று பால்மாவை அளந்து போடுங்கள். டின்னில் வரும் கரண்டியாலேயே, தலைதட்டி அளக்க வேண்டும். வண்டிக்குள் டின்னைத் திறந்து கரண்டியால் எண்ணுவது நடக்காத காரியம். லிந்துலை வளைவில் மூன்றா நான்கா என்று மறந்துபோகும்.

கொதிநீரில் கிருமி நீக்கிய போத்தல்களை நிப்பிள், மூடியோடு பூட்டி வெறுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை பால் கொடுப்பீர்களோ அத்தனை போத்தல், மேலதிகமாக இரண்டு.

வழியில் கரைக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு மா. மாவை முதலில் போட்டுத் தண்ணீரைக் கோடுவரை ஊற்றினால் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகிவிடும், குழந்தைக்கு மலச்சிக்கலும் நீரிழப்பும் வரலாம். மா சிக்கனமாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதும் ஆபத்துதான். பால்மா விற்கும் விலைக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு, ஆனாலும் கூடாது.

கரைத்த பால் இப்போது கொதிக்கக் கொதிக்க இருக்கும். பால்மாக்காரர்களுக்கு உண்மையான வேலை சூடாக்குவதல்ல, ஆற்றுவது. மலைநாட்டில் அது சுலபம். ஒரு செம்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, போத்தலை மூடியோடு கழுத்துக்குக் கீழ்வரை அமிழ்த்தி மெல்லச் சுழற்றுங்கள். 150 மி.லீ. பாலுக்கு அரை லீற்றர் பச்சைத்தண்ணீர் இருந்தால் சில நிமிடங்களில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆற்றுவதற்கான தண்ணீர் மட்டும் வழியோரப் பீலியில் (மலைநீர் விழும் குழாயில்) பிடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. நிப்பிளிலும் மூடியின் விளிம்பிலும் படாமல் பார்த்துக்கொண்டு, வெளியே எடுத்ததும் சுத்தத் துணியால் துடைத்துவிட வேண்டும். கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடுகிறதே என்று அதே பீலித் தண்ணீரில் பாலைக் கரைக்க வேண்டாம். மேலே தேயிலை மலை இருக்கிறது, உரமும் மருந்தும் அடிக்கிறார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் இருக்கின்றன.

கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள், குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் கொட்டுங்கள்.

வீட்டிலேயே கரைத்துக் குளிரூட்டி எடுத்துப்போனால் என்ன? ஃபிரிட்ஜில் 5 பாகைக்குக் கீழே 24 மணி நேரம் வைக்கலாம். ஆனால் குளிர்ப்பையில் வைத்தால் உலக சுகாதார அமைப்பு அனுமதிப்பது இரண்டு மணி நேரம் மட்டுமே. நுவரெலியாவிலிருந்து வெலிமடை போக அது போதும். கொழும்புக்குப் போதாது. மாவும் தண்ணீரும் தனித்தனியாகப் போவதே நீண்ட பயணத்துக்குச் சரி.

தாய்ப்பால் என்றால்

தாய்ப்பால் இதைவிடத் தாராளம். புதிதாகப் பீய்ச்சிய பால் 25 பாகை வரையிலான அறைச் சூட்டில் நான்கு மணி நேரம் தாங்கும். நுவரெலியா, தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கத்துக் குறுகிய பயணங்களுக்கு ஐஸ்கூடத் தேவைப்படாது. ஆனால் கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்கக் காற்றின் குணமே மாறிவிடும். கித்துல்கலைக்கு வரும்போது சுவெட்டரைக் கழற்றுவீர்கள், அவிசாவளையில் கண்ணாடியை இறக்குவீர்கள். அங்கே அந்த நான்கு மணி நேரக் கணக்கு செல்லாது. கீழே இறங்கும் பயணம் என்றால் ஐஸ் பெட்டியோடுதான் புறப்பட வேண்டும்.

உறைந்த ஐஸ் பக்கட்டுகளோடு நல்ல குளிர்ப்பெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். வாங்க வசதியில்லாவிட்டால் மீன் வரும் ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிபோலப் புதிய ஒன்று போதும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், பாலும் ஐஸும் ஒட்டியிருக்க வேண்டும், வெற்றிடத்தைத் துணியால் நிரப்ப வேண்டும். பெட்டியை டிக்கியில் வைப்பதைவிடக் காலடியில் வைப்பது நல்லது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அடுப்பாகிவிடும்.

உறைய வைத்த பாலானால் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றி உருக விடுங்கள். முழுவதும் உருகிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. சிறு சிறு அளவாக, 60 அல்லது 90 மி.லீ. என்று பிரித்து வைப்பது புத்திசாலித்தனம். சீக்கிரம் சூடாகும், வீணாவதும் குறையும்.

சூடாக்கும் முறை

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் வழி நெடுகிலும் உதவும். பாலுக்குள் சேரும் தண்ணீர் வீட்டில் கொதிக்க வைத்ததாக இருக்க வேண்டும். போத்தலை வெளியிலிருந்து சூடாக்கும் தண்ணீர் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் கிடைக்கும். பிளாஸ்க் தீர்ந்துவிட்டதே என்று தாய்ப்பாலோடு தவிக்க வேண்டியதில்லை. “அண்ணே, பிள்ளைக்குப் பால் சூடாக்கணும், கொஞ்சம் சுடுதண்ணி தாங்க” என்று கேட்டால் ஒரு கேத்தல் தண்ணீர் தராத கடையை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. காசு வாங்கவும் மாட்டார்கள்.

1. வண்டியை நிறுத்துங்கள். இது முதல் படி, தவிர்க்க முடியாதது. ஓடும் காரில் பிளாஸ்கைத் திறப்பது, அதுவும் மடியில் குழந்தையோடு, எந்த அவசரத்துக்கும் தகாது. எதிரே பஸ் வந்து ஒரு பிரேக் போட்டால் போதும்.

2. கையைக் கழுவுங்கள். ஒரு போத்தல் தண்ணீரும் சவர்க்காரத் துண்டும் கதவுப் பையில் இருக்கட்டும்.

3. ஒடுக்கமான, உயரமான பாத்திரம் ஒன்றை எடுங்கள். செம்போ எவர்சில்வர் ஜக்கோ சரி. அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிறைய வேண்டும், ஆனாலும் பாலின் மட்டத்துக்கு ஏறாது.

4. முதலில் பச்சைத்தண்ணீர் 150 மி.லீ., அதன்மேல் பிளாஸ்க் தண்ணீர் 250 மி.லீ. ஊற்றுங்கள். பிளாஸ்கில் 75 பாகை இருந்தால் கலவை 50 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். விரலை வைத்தால் சில நொடிகளில் எடுக்கத் தோன்ற வேண்டும், ஆனால் சுடக் கூடாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த 120 மி.லீ. பாலுக்கு இந்த அளவு போதும். 60 மி.லீ.க்கு இரண்டையும் பாதியாக்குங்கள்.

5. போத்தலை நிறுத்தி மெல்லச் சுழற்றிக்கொண்டே இருங்கள். தாய்ப்பாலில் மேலே ஆடை மாதிரிக் கொழுப்புப் படிந்திருக்கும், சுழற்றினால் கலந்துவிடும். குலுக்க வேண்டாம், காற்றுக் குமிழி சேரும். ஐந்து நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். கண்ணாடிப் போத்தல் சீக்கிரம் சூடேறும், பிளாஸ்டிக் தாமதிக்கும். எப்படியும் 15 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

6. சூடு பாருங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் சில துளிகள் விட்டு, சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் சரி. ஆனால் நுவரெலியாக் குளிரில் கை விறைத்திருக்கும்போது ஆறிய பால்கூடச் சுடுகிற மாதிரித் தெரியும். சட்டைக் கையை மேலே இழுத்து, மூடியிருந்த பகுதியில் விட்டுப் பாருங்கள்.

கொதிநீரில் நேரே போத்தலை இறக்கினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்கலாம். முடியும். ஓரத்துப் பால் கொதிக்கும், நடுவில் குளிர்ந்து கிடக்கும். தாய்ப்பாலின் நல்ல குணங்கள் சில அதிக வெப்பத்தில் போய்விடும். சாப்பாட்டுக் கடையில் மைக்ரோவேவ் இருந்தாலும் இதே காரணத்துக்காக வேண்டாம். போத்தல் வெளியே இதமாக இருக்கும்போதே உள்ளே ஓரிடம் வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும்.

ஒருமுறை சூடாக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். ஆறிப்போனதை இரண்டாம் தடவை சூடாக்க வேண்டாம்.

காரில் செருகும் மின்சாதனங்கள்

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் போத்தல் வார்மர் இப்போது இணையக் கடைகளிலெல்லாம் கிடைக்கிறது. கெட்டது என்று சொல்ல மாட்டேன், மெதுவானது. 12 வோல்ட்டில் 10 அம்பியர் இழுத்தாலும் கிடைப்பது 120 வாட்தான். வீட்டுக் கேத்தல் 1,500 வாட்டுக்கு மேல். அரை லீற்றர் தண்ணீரை 12 வோல்ட் கேத்தலில் கொதிக்க வைக்கச் சூடு துளியும் வீணாகாவிட்டாலே 20 நிமிடத்துக்கு மேல் வேண்டும். உண்மையில் அரை மணி தாண்டும். அழுகிற குழந்தை அவ்வளவு பொறுக்காது.

போத்தலைச் சுற்றிக் கட்டும் வகை வார்மர் பரவாயில்லை, தானாக நின்றுவிடும் வசதி இருந்தால் மட்டும். பசி வரும் நேரத்துக்குக் கால் மணி முன்பே போட்டுவிட வேண்டும். பியூஸ் எத்தனை அம்பியர் தாங்கும் என்று காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் ஓட விடாதீர்கள். பழைய பேட்டரி உள்ள சின்னக் கார் லபுக்கலையில் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் பாலைவிடப் பெரிய பிரச்சினை அது. என் தேர்வு எப்போதும் பிளாஸ்க்தான். அதற்கு பியூஸ் கிடையாது.

பொனட் மேல் போத்தலை வைப்பது, டாஷ்போர்டில் வெயிலில் வைப்பது, ஹீட்டர் காற்றில் பிடிப்பது எல்லாம் நேரத்தை வீணாக்கி, பாலை நான் முதலில் சொன்ன ஆபத்தான வெப்பத்திலேயே வைத்திருக்கும். கையடக்க காஸ் அடுப்பை வண்டிக்குள் பற்ற வைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். தீயும் காபன் மொனொக்சைட்டும் மூடிய காருக்குள் உயிரையே எடுக்கும்.

உயரம் செய்யும் குறும்பு

கீழேயிருந்து வாங்கிவந்த முறுக்குப் பக்கட் நுவரெலியாவில் பலூனாக உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால் போத்தலுக்குள்ளும் அதுவே நடக்கிறது. கொழும்பில் மூடிய போத்தல் நுவரெலியாவுக்கு வரும்போது வெளியே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்திருக்கும். உள்ளிருக்கும் காற்று விரிந்து, பாலை நிப்பிள் வழியாக வெளியே தள்ளும். மேலே ஏறும் பயணத்தில் நிப்பிளைப் பூட்டாமல், தட்டையான அடைப்பு மூடியைப் போட்டுக் கொண்டுபோங்கள். திறக்கும்போது போத்தலை நிமிர்த்தி மெல்லத் திருகுங்கள். தாய்ப்பால் பைகளை ஒட்டும் முன் காற்றை அழுத்தி வெளியேற்றிவிடுங்கள். பிளாஸ்க் மூடியையும் முகத்துக்கு நேரே வைத்துத் திறக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது

வளைவில் நிறுத்தாதீர்கள். மண்சரிவு தடம் தெரியும் கரைக்குக் கீழேயும், பனிமூட்டத்தில் தார் ஓரத்திலும் நிறுத்தாதீர்கள். கண்டிப் பாதையில் லபுக்கலைத் தேயிலை நிலையம், இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில் பக்கம், புசல்லாவை நகரம் ஆகியவை வண்டி நிறுத்த வசதியானவை. ஹட்டன் பாதையில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் இடம், ஹட்டன் நகரம், கித்துல்கலை. பதுளைப் பக்கம் போனால் அப்புத்தளையும் பண்டாரவளையும். புறப்படும் முன்பே சாரதியிடம் சொல்லிவைத்துவிடுங்கள். பசி வந்த பிறகு சொன்னால் நிறுத்த இடம் தேடியே அரை மணி போய்விடும்.

ஓடும் காரில் போத்தலைக் கொடுக்க வேண்டாம். வளைவுகளில் பால் புரையேறினால் சட்டென்று நிறுத்தவும் முடியாது. குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் வர வைத்து, கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்திருந்த பின்பே புறப்படுங்கள். உடனே வளைவில் இறங்கினால் கொடுத்ததெல்லாம் துவாயில்தான் வரும்.

மழைக்காலத்துக்குக் கூடுதல் ஆயத்தம்

மரமோ மண்ணோ விழுந்து பாதை அடைபட்டால் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்றில் ஹட்டன், கினிகத்தேனைப் பக்கமும், ஆண்டுக் கடைசியில் பதுளை, அப்புத்தளைப் பக்கமும் இதை எதிர்பார்த்தே புறப்பட வேண்டும். தேவைக்கு மேல் இரண்டு வேளை மா, கிருமி நீக்கிய இரண்டு போத்தல், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர் கூட இருக்கட்டும். பிளாஸ்க் தண்ணீர் 70க்குக் கீழே போய்விட்டது, பால்மா கரைக்க வேண்டும் என்றால், அருகிலுள்ள வீட்டிலோ கடையிலோ அந்தக் கொதித்தாறிய தண்ணீரையே கொடுத்துச் சுத்தமான பாத்திரத்தில் மறுபடி கொதிக்க வைத்துத் தரச் சொல்லுங்கள். கடைப் பொயிலரில் காலையிலிருந்து கிடக்கும் தண்ணீர் கொதித்ததா, வெறும் சூடா என்று பார்த்தால் தெரியாது.

காலியான போத்தலை அப்படியே பைக்குள் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டி, மூடாமல் தனிப் பையில் வையுங்கள். பால் காய்ந்து ஒட்டிக்கொண்டால் நிப்பிளின் துளையைச் சுத்தமாக்குவது பெரும்பாடு. வீட்டுக்கு வந்ததும் கழுவிக் கொதிக்க வைப்பதோடு, குளிர்ப்பெட்டியையும் துடைத்துத் திறந்தே காய விடுங்கள். நம் ஊர் ஈரத்தில் மூடி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.